பையிலிருந்து எடுத்து வைத்தது

1971 ஜனவரி 23, சனிக்கிழமை. காலை நான்கு நாற்பதுக்கு எழுந்தேன். தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். முகச்சவரம். சனிக்கிழமை என்பதால் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஜெபம் சொல்லி, வரக்காப்பி குடித்து, ஐந்தரைக்கு மேசையைத் துடைத்து அதன்மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்தேன்.

அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அன்று நடந்தது முழுவதையும் அன்று இரவே எழுதிவிட்டேன். எழுத்து எங்கும் கோணவில்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் உறுத்துவது அந்த நேரான எழுத்துதான்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் குமாஸ்தா வேலை. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும் நாட்களில், நாங்கள் மூன்று பேர் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே வேட்டைக்கு நடப்போம். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் மாலை திரும்புவோம். என் தங்கையின் கணவர் ஒருவர். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாமு என்பார். இன்னொருவர் தண்டையார்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த பாய். துப்பாக்கியும் லைசென்சும் அவருடையவை. சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. எண்ணத் தெரிந்தவன் நான்தான் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

முகத்துவாரத்துக்கு அப்பால் கடையில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. தோண்டினால் உப்புதான் வரும். ஆகவே தண்ணீரைத் தூக்கிப்போக வேண்டும். தண்ணீரின் எடை போக மிச்சம்தான் சாப்பாட்டுக்கு. ஒரு தோள்பை ஆறு கிலோவைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. தாண்டினால் சேற்றில் கால் புதையும்.

கறி எடுத்துப்போவதில்லை. வேட்டைக்குப் போகிறவன் வீட்டிலிருந்து கறி கட்டிக்கொண்டு போனால் கையில் ஒன்றும் சிக்காது என்று குப்பத்தார் சொல்வார்கள். நாங்களும் அதை மீறியதில்லை. நாங்கள் வாங்கும் கறியைப் பாய் தொடவும் மாட்டார். அங்கே சுட்ட பறவையை, உயிர் போவதற்குள் அவரே ஓடிப்போய் இறைவன் பெயர் சொல்லி அறுத்தால்தான் மூவரும் சேர்ந்து சாப்பிட முடியும். ஆகவே சமைக்க ஒரு சட்டி, உப்பு, மிளகு, வெங்காயம், பச்சைமிளகாய். வழியில் தின்ன அவித்த முட்டை ஒன்பது, தகர டப்பாவில் தவிடு போட்டு அதற்குள் புதைத்தது. வறுத்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, தேயிலைத் தூள்.

முந்தைய வருடங்களில் இவற்றோடு புளிசோறு, ராயபுரத்து பேக்கரி பன், வாழைப்பழம், கெட்டிப்பால் டின் ஒன்று எல்லாம் போகும். இந்த வருடம் அவற்றைப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். மச்சானுக்குச் சர்க்கரை வியாதி என்று செப்டம்பரில் தெரிந்தது. நவம்பரிலிருந்து தினமும் காலை ஊசி, தானே தொடையில் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை மாலை தங்கை வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணே, அவர உன் கையில குடுக்கறேன். இனிப்பு வாயில படக்கூடாது. திருடித் துன்னுவாரு. கேட்டா டாக்டரு சொன்னாருன்னுவாரு."

அவள் சொன்னதில் மிகை இல்லை. தீபாவளிக்கு யார்டில் மைசூர்பாகு தின்று பிடிபட்டபோது, டாக்டர் ஒரு துண்டு தின்னலாம் என்றதாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் கேக்குக்கும் டாக்டர்தான் சொன்னார். அதனால் புளிசோற்றுக்குப் பதில் சப்பாத்தி, ஆளுக்கு ஆறு வீதம் பதினெட்டு. பன் வேண்டாம், பழம் வேண்டாம், பால் டின் வேண்டாம். தேநீருக்குச் சர்க்கரை எடுக்கவில்லை. ஒருவர் பையில் இனிப்பு இருந்தாலும் அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால் எனக்கும் பாய்க்கும்கூட எடுக்கவில்லை.

ஆறரைக்கு மச்சான் வந்தார். ஐந்து நிமிடத்தில் பாய். பங்கு பிரித்து, மூன்று பைகளையும் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுத்தேன். மச்சானின் பை மட்டும் முந்நூறு கிராம் கூடுதலாக இருந்தது.

"சொக்கா ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சேன் மாமு," என்றார்.

பையைக் கவிழ்த்தேன். காலுறை ஒன்றுக்குள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பனங்கற்கண்டும் ஒரு பிடி பெப்பர்மிண்டும்.

"டாக்டரு சொன்னாரு மாமு. சத்தியமா. நடக்க சொல்ல வாயில போட்டுகினே இருக்கணுமாம்."

"கேக்குக்கும் அவர்தானே சொன்னாரு?"

பாய் சிரித்துவிட்டார். "யோவ், அந்த டாக்டரு பாவம்யா. உனுக்காவ எத்தினி பொய்தான் சொல்வாரு?"

மச்சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் பொட்டலத்தைச் சமையலறை மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தேன். பையை மறுபடி நிறுத்தேன். ஐந்து கிலோ எண்ணூறு. சரியாக இருந்தது.

வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்கினோம். முகத்துவாரக்குப்பம் வரை நடந்து, தோணியில் அக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐந்து. மச்சான் தோணிக்காரரை வம்புக்கு இழுத்தார், பாயின் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டார், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மாமு, மூச்சு வுட்டதையும் எழுதி வச்சிக்க, அப்பால கொறஞ்சிடப் போவுது" என்றார். உப்பங்கழி ஓரமாகச் சேற்றில் இரண்டரை மணி நேரம் நடந்தோம். பதினொன்று நாற்பதுக்குப் பாய் இரண்டு கிளுவை வாத்துகளை அடித்தார். நீரில் ஓடிப்போய் எடுத்து வந்து அறுத்தார். அடுத்த முறை மச்சானுடையது என்பதால், இரண்டு குழலிலும் தோட்டா போட்டுத் துப்பாக்கியை அவரிடம் கொடுத்தார். சாப்பாடு ஒரு மணிக்கு என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஏதோ குறைவதை உணர்ந்தேன். என்னவென்று தெரியச் சிறிது நேரம் ஆயிற்று. மச்சான் பேசவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஜனவரிக் குளிர் காற்றில் இன்னும் இருந்தது. அவர் சட்டை முழுதும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கொட்டாவி விட்டார். பிறகு இன்னொரு கொட்டாவி. பாதையை விட்டு விலகி, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், இடதுபுறம் இருந்த சவுக்குத் தோப்புக்குள் நடந்துவிட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

அந்தத் தோப்பு கயிறு பிடித்து நட்டது. வரிசை பிசகாது. ஒரு வரிசைக்கு நாற்பது மரம் என்று முந்தைய வருடம் நான் எண்ணியிருக்கிறேன். அன்றுதான் அதற்குள் உச்சி வேளையில் நின்றேன். நேரே பார்த்தாலும் குறுக்கே பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே தூரம். கீழே சருகு மெத்தைபோல் கிடந்ததால் எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. காற்று இல்லை. தெற்கே தண்ணீருக்கு அப்பால் புதிய மின்நிலையத்தின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் தோப்பின் உச்சியில் ஓசை இருந்தது, பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல.

மச்சான் ஒரு மரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். துப்பாக்கியை இடுப்புயரத்தில் குறுக்காகப் பிடித்திருந்தார்.

"ஐயா," என்றார். "நீங்க யாருங்க?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவர் யாரையும் ஐயா என்று சொல்லி நான் கேட்டதில்லை. குரல் அவருடையதுதான். ஆனால் கோயிலில் புதிதாக வந்தவர் இடம் கேட்பதுபோல அடக்கமாக, பணிவாக இருந்தது.

"நான்தான் மச்சான். என்ன விளையாட்டு?"

"எங்கூட எங்க மாமு வந்தாருங்க. அவரைக் காணோம்." என் மார்பைப் பார்த்தார். "அவரு சட்டைய நீங்க போட்டுனு இருக்கீங்களே. அவர என்ன பண்ணீங்க?"

துப்பாக்கியின் வாய் மெல்ல என் பக்கம் வந்தது. அவர் அதைக் குறிபார்த்துத் திருப்பவில்லை. உடம்பு திரும்பியபோது அதுவும் திரும்பியது, அவ்வளவுதான். பயமுறுத்தியது அதுவே.

பாய் எனக்கு முன்னால் வந்து நின்றார். அவரும் அதே பணிவோடு, முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோலப் பேசினார். "ஆமாங்க, உங்க மாமு இப்ப வந்துருவாருங்க. பின்னாடி வராரு. அதுவரிக்கும் இத நான் புடிச்சிக்கறேங்க. உங்களுக்குக் கை வலிக்கும்." மச்சான் யோசித்தார். பிறகு குழந்தைபோல் கொடுத்துவிட்டார். பாய் குழலை மடக்கித் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

மச்சான் மரத்தடியில் உட்கார்ந்தார், விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். பையை மடிமேல் இழுத்து, அதற்குள் கையை விட்டு, வெகுநேரம் துழாவினார். வெளியே எடுத்த கையில் ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் நீட்டி எங்களை எண்ணினார். ஒன்று, தன்னை. இரண்டு, பாயை. மூன்று, என்னை. எனக்கு வலப்பக்கம், யாரும் இல்லாத இடத்தில், நான்கு.

"அவரு ஏன் பேசமாட்டேங்கறாரு?" என்றார்.

நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் கொடுத்தேன், கடைவாயில் வழிந்தது. சப்பாத்தியைப் பிய்த்து வாயில் வைத்தேன், பல்லைத் திறக்கவில்லை. கண் திறந்திருந்தது. அதில் நாங்கள் இல்லை.

அப்போது வரிசைகளுக்கு நடுவே ஒரு பெண் வந்தாள். விறகுக்குச் சருகு வாரும் பெண். தலையில் சருகுக் கட்டு, கையில் வாருகோல். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கட்டைக் கீழே போட்டுவிட்டு மச்சானின் முன் குந்தினாள், முகத்தை மோந்து பார்ப்பதுபோல் நெருங்கினாள்.

"உச்சிப் பொழுதுல இதுங்குள்ள எவனாச்சும் குந்துவானா? எத்தினி நாழியா இப்டி கீறாரு?"

"அரைமணி," என்றேன்.

"ஏறிகினான். வாயத் தொறக்க சொல்லு." இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து நொறுக்கி உள்ளங்கையில் துப்பினாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கமாகவே பிடித்தேன்.

"கூடாது. இவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு ஒரு துளிகூட ஆகாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வியாதிக்காரனுக்கு நா குடுக்கலய்யா. உள்ள கீறவனுக்குக் குடுக்கறேன். அவன் துன்னுட்டுப் போவட்டும்."

"கூடாதுங்கறேன்."

மச்சானின் தலை மரத்திலிருந்து நழுவித் தோளில் சாய்ந்தது. மூச்சில் ஒரு குறட்டை கலந்தது. நான் இன்னும் அந்தக் கையை விடவில்லை. என் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"வுடுய்யா அவுங்க கைய!" பாய் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். சருகில் விழுந்தேன். "சாவறவன்கிட்ட இன்னாய்யா கணக்கு பாத்துகினு கீற?"

அவள் விரலால் மச்சானின் கன்னத்தை உள்ளே விலக்கி, கருப்பட்டிக் கூழைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே தேய்த்தாள். தேய்த்தபடியே, "துன்னு, துன்னுட்டுக் கெளம்பு, உனுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று அதட்டினாள். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஒன்று இரண்டுக்குத் தொண்டை அசைந்தது. ஒன்று ஏழுக்கு அவர் கன்னத்துக்குள் நாக்கைச் சுழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தார்.

"இன்னா மாமு? மூணு பேரும் என் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க? இந்தம்மா யாரு?"

பாய் தரையில் உட்கார்ந்து அழுதார். துணியில் இலை விரித்துச் சப்பாத்தியைப் பங்கு வைத்தேன். மச்சான் பிடுங்காத குறையாக ஐந்து தின்றார். பாய் என் கையைத் தொட்டு இலையைக் காட்டினார். அந்தப் பெண் முன்னமே ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து நின்றிருந்தாள். நான் நான்கு பங்கு வைத்திருந்தேன்.

கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: "பொழுது சாயறதுக்குள்ள ஆத்தத் தாண்டிடுங்க. திரும்பிப் பாக்காதீங்க. பின்னாடியே வருவான், அவுனுக்கு ருசி கண்டுடுச்சி." வரிசைக்குள் பத்தடி நடந்தாள். பிறகு அவளைக் காணவில்லை. அவ்வளவு நேரான வரிசையில் ஓர் ஆள் எப்படி மறைய முடியும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

திரும்பினோம். மச்சானை நடுவில் விட்டு நடந்தோம். நான் கடைசியில் நடந்தேன். எனக்குப் பின்னால் சருகில் காலடி கேட்கவில்லை. ஆனால் அந்தத் தோப்பில் எங்கள் காலடியும் கேட்கவில்லையே என்ற நினைவு முகத்துவாரம் வரை கூடவே வந்தது.

மாலை ஆறேகாலுக்கு ராயபுரத்தில் அவருடைய டாக்டரிடம் போனோம். அவர் ஊசி போடும் நேரத்தையும் நடந்த மணி நேரத்தையும் சாப்பிட்டதையும் கேட்டார். நான் ஒவ்வொன்றையும் நிமிடத்தோடு சொன்னேன்.

"ஊசி மருந்து வேலை செஞ்சுகிட்டே இருக்கும். நடக்க நடக்க ரத்தத்துல சர்க்கரை இறங்கும். ரொம்ப இறங்கினா ஆள் அடையாளம் தெரியாது, இல்லாதது தெரியும். அந்தம்மா குடுத்தது மட்டும் இல்லேன்னா இவர் எழுந்திருக்கவே மாட்டார்." மச்சானிடம் திரும்பினார். "பனங்கற்கண்டு பையில வச்சுக்கச் சொல்லி நான் சொல்லலே?"

நான் வாயைத் திறந்தேன்.

"மறந்துட்டேன் சார்," என்றார் மச்சான்.

டாக்டர் ஊசி அளவைக் குறைத்து எழுதினார். தெருவில் இறங்கியதும் மச்சான் என் தோளில் கை போட்டார். "இத பாரு மாமு. வயிறு சரியில்ல, வந்துட்டோம். அவகிட்ட அவ்ளோதான். நீ எடுத்தன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டா." சரி என்று நான் தலையாட்டினேன். அவர் வீட்டு வாசல் வரை போய், தங்கையிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கவலைப்பட்டாள். கூடவே, "இனிப்பு ஒண்ணும் துன்னலியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லவேள. இனிமே வூட்லயும் அப்டித்தான்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னோடு படுக்கைக்கு வந்தது. வீட்டில் அவள்தான் அலமாரியைப் பூட்டுகிறவள். இன்று நான் செய்ததை நாளை அவள் செய்வாள். அங்கே சருகு வாருகிறவள் யாரும் வரமாட்டாள்.

ஜனவரி 24, ஞாயிறு. முதல் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன், ஐந்து ஐந்துக்கு, தங்கை வீட்டுக் கதவைத் தட்டினேன். மச்சான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்திலேயே நின்று, மேல்தட்டில் பொட்டலத்தை வைத்ததிலிருந்து டாக்டர் சொன்னது வரை, வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தியதையும் விடவில்லை. தங்கை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"உன்ன மட்டுமா கேட்டாரு?" என்றாள். "பொங்கலுக்கு மறாநாளு விடிகாலம், இதே நேரம், படுக்கையில எழுந்து குந்திகினு என்னியே பாத்தாரு. 'அம்மா, நீங்க யாரு வூட்டுக்காரங்க?'ன்னாரு. மருவாதியா. காத்து கருப்புன்னு பயந்துட்டேன்ணே. தீர்த்தம் தெளிச்சி, பழைய சோறு குடுத்தேன். தெளிஞ்சிட்டாரு. யார்கிட்டயும் சொல்லல."

இருவரும் ஒரே நேரத்தில் அறைக் கதவைப் பார்த்தோம். உள்ளே சத்தம் இல்லை. அவள் முன்னால் போனாள், நான் விளக்கைப் போட்டேன். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். கண் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம்.

"மணி இன்னா?" என்றார்.

ஐந்து இருபத்திரண்டு என்றேன்.